வெட்டிவேர்த் தூரில் ஒரு லாலான்

தம்பி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உன் அப்பா சத்தமாகப் படித்தார். பிறகு நான் ஒரு முறை எனக்குள் படித்துக்கொண்டேன். இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். ஒன்று, கிள்ளானில் உனக்குக் கொடுத்திருக்கும் வீட்டின் முன்புறம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது, பிரிக்ஃபீல்ட்ஸில் நம் வீட்டு முன்னால் இருப்பது போல அழகுப் புல் வைக்க வேண்டும், எதை வைப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறாய். இன்னொன்று, பின்வரிசை வீட்டுச் செல்லம்மாவின் அக்கா மகள் அஞ்சலை உனக்கு வேண்டாம், அதை நானே அவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்று. புல்லுக்கு ஒரு பக்கம். பெண்ணுக்கு மூன்று வரி. “வந்த வீட்டில் குந்தி உட்கார்ந்து புல் பிடுங்குகிறாள் அம்மா. ரப்பர் தோட்டத்துப் பழக்கம் எங்கே போகும்? நாளைக்கு என் துரையும் அவர் வீட்டம்மாவும் வந்தால் இவளை எங்கே நிறுத்துவேன்?” இந்த மூன்று வரியைத்தான் நான் பத்துத் தடவை படித்தேன். இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் ஒன்றை விட்டு மற்றதை எழுத எனக்கு வரவில்லை, இரண்டும் கலந்துதான் வரும். பொறுமையாகப் படி. ஆபீசில் வைத்துப் படிக்காதே.

முதலில் உன் மண்ணைச் சொல்கிறேன். கிள்ளான் மண் பிசுக்கு மண். கடல் பக்கம், மழை பெய்தால் தண்ணீர் அப்படியே நிற்கும். அதனால் பாத்தியை ஒரு சாண் மேடாக்கு. ஆற்று மணலும் மக்கின சாணமும் கலந்து கொட்டு. புல்தானே, எங்கே வைத்தாலும் வரும் என்று நினைக்காதே. தண்ணீர் தேங்கினால் அழகுப் புல் எல்லாம் அழுகிப் போகும், வேண்டாத புல் மட்டும் கொழுகொழுவென்று நிற்கும். சின்ன வயதில் நீ செராய்ப் புல்லுக்குக் காலையில் ஒரு வாளி, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு வாளி என்று ஊற்றி ஊற்றி அதைக் கொன்றாயே, அந்தப் பாசம் இப்போது வேண்டாம். நட்ட முதல் பத்து நாள் ஈரம் இருந்தால் போதும். அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும்.

வாசலுக்கு வரும் பாதையின் இரண்டு பக்கமும் செராய் வை. அடையாளம் கண்டுபிடிக்க ஒரு கஷ்டமும் இல்லை, ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தால் எலுமிச்சை வாசம் தூக்கும். அடித்தண்டு வெங்காயத்தாள் போலக் கொஞ்சம் தடித்திருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை தூரைத் தோண்டிப் பிரித்து, நடுவில் இருக்கும் கிழட்டுப் பாகத்தை எறிந்துவிட்டு, ஓரத்துக் குருத்துகளை மட்டும் மறுபடி நடு. இதைச் செய்யாவிட்டால் நடுப்பாகம் காய்ந்து, தலையில் வழுக்கை விழுந்த ஆபீஸ் கிராணி மாதிரி ஆகிவிடும். கோபித்துக்கொள்ளாதே, உன்னைச் சொல்லவில்லை. உன் அப்பாவைச் சொல்கிறேன்.

சாக்கடை ஓரத்துக்கு வெட்டிவேர். அது நின்ற இடத்தில் நிற்கும், பக்கத்து வீட்டுக்குப் போகாது, மண்ணையும் சரிய விடாது. இலையில் வாசனை இல்லையே என்று ஏமாந்து பிடுங்கி எறிந்துவிடாதே, வாசனை எல்லாம் வேரில். அடியைப் பிடித்துப் பார், இலைகள் விசிறி மடிப்பு மாதிரி ஒன்றை ஒன்று தழுவித் தட்டையாக இருக்கும். முழங்கால் உயரத்துக்கு மேலே வளர்ந்தால் அரிவாளால் நறுக்கிவிடு, மறுபடி அழகாகத் தழையும். வீட்டு மூலைக்கு வெள்ளை வரி போட்ட நாணல். அது ஒரு பெரிய துரை பங்களா வேலிக்கு வெளியே எறிந்து கிடந்ததை உன் அப்பா குடைக்குள் மறைத்துக் கொண்டு வந்தது. ஆள் உயரம் வரும், பார்ப்பவர்கள் நின்று கேட்பார்கள். அதற்கு ஒரே வேலை, வரி இல்லாமல் பச்சையாக வரும் தண்டை உடனே அடியோடு அறுத்துவிட வேண்டும். பாவம் பார்த்து விட்டால் பச்சைத் தண்டுதான் பலமாக வளரும், வரி போட்டது ஒடுங்கிவிடும். குடை மாதிரி விரியும் கோரையைப் பாசார் சந்தையில் யாராவது புல் என்று சொல்லி விற்பார்கள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார். புல் என்றால் உருண்டையாக, கணு வைத்து இருக்கும். கோரை என்றால் மூன்று பட்டையாக, கணு இல்லாமல் இருக்கும். அதற்குத் தண்ணீர்த் தொட்டி ஓரம்தான் இடம்.

இனி முக்கியமானது. இதற்கெல்லாம் நடுவில் லாலான் களை வரும். நீ கூப்பிட வேண்டாம், காற்றிலே பஞ்சு மாதிரி விதை பறந்து வரும், வாங்கி வரும் எருவிலும் வரும். வெட்டிவேர்த் தூருக்குள் புகுந்துவிட்டால் லேசில் தெரியாது, இரண்டும் பச்சை, இரண்டும் நீளம். ஆனால் லாலான் இலையை வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தால், நடு நரம்பு வெள்ளையாக, நடுவில் இல்லாமல் ஓர் ஓரமாக ஒதுங்கி ஓடும். குருத்தின் அடி இளஞ்சிவப்பு. இலை ஓரம் கையை அறுக்கும். மேலே பார்ப்பது கொஞ்சம்தான், மண்ணுக்குக் கீழே வெள்ளையாகக் கணுக்கணுவாகக் கிழங்கு ஓடும், நுனி ஊசி. மேலே இழுத்தால் பட்டென்று அறுந்து, ஒரு கணு உள்ளே நிற்கும். அந்த ஒரு கணுவே மறுபடி ஒரு பாத்தியைத் தின்னும். அதனால் மழை விட்ட மறுநாள் காலையில், மண் இளகியிருக்கும்போது, இரண்டு விரலை மண்ணுக்குள் செருகி, மேலே இழுக்காமல் பக்கவாட்டில் கிழங்கு போகும் வழியிலேயே போக வேண்டும். எடுத்ததைத் தரையில் போடக் கூடாது, மண் பட்டால் திரும்பவும் வேர்விடும். வேலியிலோ கல்லிலோ போட்டுக் காயவிட வேண்டும்.

இதெல்லாம் அம்மாவுக்கு எங்கிருந்து தெரியும் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காதபடி நான் பார்த்துக்கொண்டேன். கிள்ளான் கடைக்காரர் தங்கை என்றுதான் உனக்கு என்னைத் தெரியும். அது பொய் இல்லை, உன் மாமா கடை வைத்தது நிஜம். ஆனால் அது என் பதினெட்டாவது வயதில். அதற்கு முன்னால் எட்டு வருஷம் நான் ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாலான் பிடுங்கினேன். என் அப்பா காய்ச்சலில் செத்த அடுத்த மாதம் கங்காணி என் பேரைப் பெரட்டில் எழுதிக்கொண்டார். விடிவதற்குள் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும், அதுதான் பெரட்டு. அப்புறம் இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவில் ஆளுக்கு ஒரு நிரை. குந்தி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து போக வேண்டும். பின்னாலேயே கங்காணி கம்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு வருவார். ஒரு கணு கண்ணில் பட்டாலும் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் வேலை போனது போனதுதான். என் ஆள்காட்டி விரலில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறதே, அரிவாள்மணை வெட்டியது என்று உனக்குச் சொன்னேனே, அது லாலான் அறுத்தது. பத்து வயதில் அறுத்து, சீழ் வைத்து ஆறியது.

ஏன் மறைத்தேன் என்று சொல்கிறேன். கல்யாணமாகி இந்த ரயில்வே வீட்டுக்கு வந்த முதல் வாரம். பக்கத்து வீட்டில் பெரிய கிளார்க் குடும்பம். அந்த அம்மா நல்ல மனுஷிதான், எனக்குக் காபி போடக் கற்றுக்கொடுத்தவள். அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், “நேத்து ஒருத்தி வேலை கேட்டு வந்தா. தோட்டத்துல புல்லு வெட்டுனவளாம். கையப் பாத்தாலே தெரியுது. அதுங்கள வாசப்படி ஏறவே விடாத, ஆமா.” நான் என் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் தம்பி. அன்றைக்குச் சுருட்டிய கையை இருபத்தைந்து வருஷம் நீட்டவில்லை. உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். “சொல்லிட்டுப் போயேன், என்ன இப்போ?” என்பார். அவருக்கென்ன, ஆம்பிளை.

அதில் ஒரு பாவமும் செய்தேன். உனக்கு அப்போது ஐந்து வயது. அந்த அம்மா ஒரு நாள் ஆற்றங்கரையிலிருந்து ஒரு பிடி புல்லை வேரோடு கொண்டு வந்தாள். வெள்ளி மாதிரி பூ, பட்டு மாதிரி மெத்தென்று இருந்தது. “எவ்ளோ அழகு பாரு, முன்னாடி வரிசையா வைக்கப் போறேன். இது என்ன புல்லு, உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். லாலான். கண்ணைக் கட்டிவிட்டுத் தொடச் சொன்னாலும் எனக்குத் தெரியும். தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாளே! “தெரியலியேக்கா” என்றேன். அவள் நட்டாள். எட்டு மாதத்தில் அது அவள் மல்லிகைப் பந்தலடியைத் தின்று, நம் வேலிக்குக் கீழே நுழைந்து, வரிசையில் ஆறு வீட்டு முன்வாசலையும் பிடித்தது. அப்போது வரிசைக்குப் புல் வெட்ட மாரிமுத்து என்று ஒரு பெரியவர் வருவார். கிழவர் எருவோடு லாலானைக் கொண்டு வந்து போட்டுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அந்த அம்மாதான் கிளப்பினாள். தான் நட்டதுதான் இது என்று அவளுக்கே தெரியாது, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி. ரயில்வேயிலிருந்து விசாரிக்க ஆள் வந்தபோது எல்லாப் பெண்களும் வாசலில் நின்றோம். மாரிமுத்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் விரலைப் பார்த்தார். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர், தழும்பைப் பார்த்தால் போதும் அவருக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அவர் பண்டமாரான் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள், அதற்கு மேல் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

அதற்குப் பிறகு நம் வாசலை மட்டும் நான் விடிகாலையில், குழாயடிக்கு ஆள் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். இரண்டு வருஷம் பிடித்தது. அப்புறம்தான் வெட்டிவேர், நாணல் எல்லாம் வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் “உங்க வாசல் மட்டும் எப்படி இவ்ளோ சுத்தம்?” என்று கேட்டால் மண் ராசி என்பேன்.

இப்போது போன மாதம் நீ இங்கே வந்திருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். செல்லம்மா ஊறுகாய்க் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்ததும், கூடவே அஞ்சலை வந்ததும் தற்செயல் என்று நீ நினைத்திருப்பாய். நானும் செல்லம்மாவும் போட்ட திட்டம் அது. பெண் பார்க்கிறோம் என்று சடங்கு வைப்பதற்கு முன்னால் நீங்கள் ஒருவரை ஒருவர் சும்மா பார்க்கட்டும் என்றுதான். நீ ஜன்னல் ஓரம் பேப்பர் படித்தாய். அரை மணி நேரமாக ஒரே பக்கம். உனக்கு அவளைப் பிடித்திருந்தது, இல்லை என்று சொல்லாதே. அவள் சிரித்தபோது நீ பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தாய். அப்புறம் அவள் சாக்கடை ஓரம் வெட்டிவேர்த் தூரிடம் போய் நின்றாள்.

“அம்மா, இதுல லாலான் ஏறியிருக்கே, நீங்க பாக்கலியா?”

மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தம்பி. முட்டிவலியில் விடிகாலை எழுந்திருக்க முடியவில்லை. பகலில் நாலு பேர் பார்க்க உட்கார மனசு வரவில்லை. அந்தப் பெண்ணிடமும் பழைய பொய்யையே சொன்னேன். “அப்படியா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றேன். அவள் சட்டென்று குந்திவிட்டாள்.

“நடு நரம்பப் பாருங்க. ஓரமா ஒதுங்கியிருக்கு பாருங்க, அதான் அடையாளம்.”

“ஏய், எந்திரி! வந்த எடத்துல என்னடி இது?” என்று செல்லம்மா அதட்டினாள்.

“வுட்டா பூராத்தையும் தின்னுடும் சித்தி. அப்புறம் இவங்கதான கஷ்டப்படணும்?”

விரலைப் பக்கவாட்டில் செருகினாள். நான் அவள் விரலையே பார்த்தேன். அவசரமே இல்லை அவளுக்கு. முழங்கை நீளத்துக்கு வெள்ளைக் கிழங்கு, ஒரு கணு அறுபடாமல், ஊசி நுனியோடு வெளியே வந்தது. வெட்டிவேரில் ஒரு வேர் ஆடவில்லை. எடுத்ததைத் தரையில் போடவில்லை, எழுந்து வேலிக்கம்பியில் தொங்கவிட்டாள். கையை வாளித் தண்ணீரில் கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு, “ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் இதான் எனக்கு வேலை” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கூச்சமே இல்லை. இருபத்தைந்து வருஷமாக நான் விழுங்கிக்கொண்டிருந்த வார்த்தையை அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. சமையலறைக்குள் போய்விட்டேன். போகும்போது ஜன்னலில் உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், தம்பி. குழாயடியில் அந்த அம்மாவுக்கு இருந்த முகம் அது. என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நான்தான் கொடுத்திருக்கிறேன். மறைத்து மறைத்து, இது மறைக்க வேண்டிய விஷயம் என்று நானே உன்னை வளர்த்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், வேண்டாம் என்று சொல்லப் போகாமல், என் கதையைச் சொல்லத்தான் செல்லம்மா வீட்டுக்குப் போனேன். முட்டி வலியோடு அவள் படி ஏறி, தண்ணீர் வாங்கிக் குடித்து, தொண்டையைக் கனைத்து, நான் தோட்டத்தில் லாலான் பிடுங்கினவள் என்று சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தக்கூட இல்லை.

“தெரியும்க்கா.”

“எப்படித் தெரியும்?”

“விடியக்காலையில நீங்க குந்திக்கிட்டு நகந்து நகந்து போறத வரிசையே பாத்துக்கிட்டுத்தான இருக்கு! பழகாத பொம்பள அப்படிக் குந்த முடியுமா? நீங்க சொல்லல, நாங்க கேக்கல.” அப்புறம் மெதுவாகக் கேட்டாள், “தம்பிக்குத் தெரியாதா?”

உனக்குத்தான் தெரியாது. இந்த வரிசையில் தெரியாத ஒரே ஆள் என் பிள்ளைதான். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்தபோது மாரிமுத்துவின் ஞாபகம் வந்தது. உன் அப்பா அடுத்த லீவில் பண்டமாரானுக்குப் போய் விசாரித்துப் பார்க்கலாம் என்கிறார். இருந்தால் அவருக்கு இப்போது எண்பது இருக்கும். போய்ப் பார்ப்போம்.

செராயும் வெட்டிவேரும் நாணலும் ஈரச்சாக்கில் கட்டி சனிக்கிழமை ரயிலில் போட்டு அனுப்புகிறேன். ஸ்டேஷனில் வாங்கிக்கொள், வெயிலில் வைக்காதே, அன்றைக்கே நட்டுவிடு. உன் துரை வீட்டம்மா வந்து பார்த்து மெச்சிக்கொள்ளட்டும், எனக்குச் சந்தோஷம்தான்.

அஞ்சலையை நீ கட்டித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் பேச்சு பிடிக்கவில்லை, குணம் ஒத்து வராது என்று உனக்குத் தோன்றினால், அது உன் வாழ்க்கை, நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் உன் மூன்று வரியில் இருக்கும் காரணத்தை நான் எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் பக்குவமாகச் சொல்ல மாட்டேன். அதற்கு என் வாய் வராது. அதுதான் காரணம் என்றால் நீயே லீவு போட்டுவிட்டு வா. செல்லம்மா வீட்டுப் படி ஏறி, அந்தப் பெண்ணை எதிரில் வைத்து, நீ புல் பிடுங்கினவள், அதனால் என் வீட்டுக்கு ஆக மாட்டாய் என்று சொல். சொல்லிவிட்டு நேரே ரயிலுக்குப் போகாதே. பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு நாற்பது அடிதான். இங்கே வந்து, என்னையும் எதிரில் உட்கார வைத்து, அதே வார்த்தையை எனக்கும் சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா